கோமு பாஸாகிறாள்

உள்ளே போகும்போது கோமு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், போ, ஒன்றுமில்லை, எல்லாம் நாம் பார்த்ததுதான் என்கிற மாதிரி. கதவு சாத்திக்கொண்டது. பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற தாய்க்கு வேறென்ன வேலை, சாமியைக் கூப்பிடுவதும் கதவைப் பார்ப்பதும்தான். இரும்பு பெஞ்சு சில்லென்று இருக்கிறது. பினாயில் வாடை. கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தும் பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரி மாடியில் எனக்கு முன்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. கதவில் ஒரு யானைப் படம் ஒட்டியிருக்கிறார்கள், சிரிக்கிற யானை. பதினாலு வயதுப் பெண்ணுக்கு எதற்கு யானை? ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, துப்பட்டாவுக்குப் பின் குத்தி, இரட்டைச் சடை போட்டு, பவுடர் பூசிக் கூட்டி வந்திருக்கிறேன். டோக்கன் எழுதிய பெண் அம்மா பெயர் என்ன என்றாள். செண்பகவல்லி என்றேன். அம்மா என்ன வேலை என்றாள். டியூஷன் எடுக்கிறேன் என்றேன், என்னை அறியாமல் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எங்கள் பக்கம் டியூஷன் செண்பகம் என்றால் ஆட்டோக்காரன்கூட வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவான். மண்டையில் ஏறாது என்று பள்ளிக்கூடம் கைகழுவின பிள்ளைகளையெல்லாம் கரையேற்றி விட்டவள் நான். கணக்கில் முப்பத்தைந்து வாங்க வைப்பது எப்படி என்று என்னைக் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவள் வயிற்றில் கோமு வந்து பிறந்தாள். ஊர் சிரித்திருக்கும், சிரிக்கத்தானே ஊர் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது கயத்தாறு தாண்டி அவள் என் தோளில் தூங்கிப்போனாள், தூங்காதே, படித்ததெல்லாம் மறந்துவிடும் என்று எழுப்பி உட்கார வைத்தேன். பாவம்.

ஹெச்.எம். அறையில் அன்றைக்கு ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோமுவின் அரையாண்டுப் பேப்பர்களை மேசை மேல் பரப்பி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் அவளுடைய உருண்டையான அழகான கையெழுத்து, கேள்வியையே திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறாள், விடை ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா நல்ல மாதிரிதான், கத்தவில்லை. ஒரு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டோடு வாங்க, அதைப் பார்த்துத்தான் பத்தாம் வகுப்பில் உட்கார வைப்பதா, டி.சி. கொடுப்பதா என்று மேனேஜ்மென்ட் முடிவு செய்யும் என்றார்கள். அப்புறம் சலுகை என்று ஏதோ ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, சலுகையெல்லாம் எங்களுக்கு வேண்டாம் மேடம், என் பிள்ளை மார்க் வாங்கிவிடுவாள் என்று எழுந்துவிட்டேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு பேப்பர்களை அடுக்கி வைத்தார்கள். டெஸ்ட் என்றால் மார்க், மார்க் வாங்கினால் சீட்டு. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எல்.கே.ஜி. சேர்க்கவே இன்டர்வியூ வைத்து, அதற்கும் டியூஷனுக்கு அனுப்புகிற ஊர் எங்கள் ஊர். இவருக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, என் பிள்ளைக்கு எதுக்குட்டி மூளை டெஸ்ட் என்று சத்தம் போட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் பார்த்துக்கொள்ளாமல் எதை விட்டிருக்கிறேன்.

பக்கத்துத் தெரு ஷர்மிளா சைக்காலஜி படிக்கிறாள். என்னிடம் டியூஷன் படித்துப் போனவள்தான். மாடல் கொஸ்டின் இருந்தால் கொடு என்று கேட்டேன். அக்கா, இதையெல்லாம் பாத்துட்டுப் போகக் கூடாதுக்கா என்று இழுத்தாள். எந்தப் பரீட்சையைத்தான் பார்க்காமல் போனோம் என்று கேட்டதும் போனில் அனுப்பினாள். அன்றையிலிருந்து சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் போனதும் எனக்கும் கோமுவுக்கும் தனி வகுப்பு. சிவப்பும் வெள்ளையும் பூசிய மரக்கட்டைகளைத் தச்சரிடம் சொல்லிச் செய்தேன். படத்தில் இருக்கிற மாதிரி அடுக்க வேண்டும். முதலில் அவள் வீடு கட்டினாள். வீட்டுக்குள் ஒரு கட்டையைப் படுக்க வைத்து, இது நீங்கம்மா, தலைவலி என்றாள். சிரித்தேன், பிறகு திட்டினேன். ஆப்பிளும் சாத்துக்குடியும் எந்த விதத்தில் ஒன்று என்று கேட்டேன். ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு வாங்கிட்டுப் போறது என்றாள். அது தப்பா? இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் எதிரே போகிற ஒவ்வொரு பையிலும் ஆப்பிளும் சாத்துக்குடியும்தான் இருக்கிறது. ஆனால் விடைத்தாளில் பழம் என்றுதான் போட்டிருந்தது, அதனால் பழம் என்று சொல்ல வைத்தேன். எத்தனை தரம்? சொல்லுட்டி, பழம். பழம்மா. யார் கேட்டாலும்? பழம். எண்களைத் தலைகீழாகச் சொல்வது வரவே இல்லை, அழுதாள், நானும் அழுதேன், அப்புறம் அதற்கு ஒரு மெட்டுப் போட்டோம், மெட்டோடு கொஞ்சம் வந்தது. ஓரொரு நாள் நடுவில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். டியூஷன் நேரத்தில் வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பது அவளாக எடுத்துக்கொண்ட வேலை. யார் முதலில் கிளம்புவார்களோ அவர்கள் செருப்பு முன்னால், அம்மா வந்து கூட்டிப்போக நேரமாகிற பிள்ளைகளுடையது சுவரோரம். ஒருநாளும் மாறினதில்லை. செருப்பு யாருடையது என்று அந்த மாடல் கொஸ்டினில் ஒரு கேள்வியும் கிடையாது, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

பி.எட். படிக்கும்போது நுண்ணறிவு என்று ஒரு பாடம். மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கு. அந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். மன வயது என்றால் என்ன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்திருப்பேன். இப்போது கேட்டால் சொல்வேன், பதினாலு வயதுப் பெண் தீட்டுத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எப்பம்மா நிக்கும், நான் என்ன தப்புப் பண்ணேன் என்று கேட்பது. அறிவு ஒன்றுதான் என்றார் ஒருவர், இரண்டு என்றார் அடுத்தவர், இன்னொருவர் வந்து ஏழெட்டு வகை உண்டு, பாட்டில் ஒன்று, உடம்பில் ஒன்று, பிற மனிதரை அறிவதில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு வகைதான் செல்லும், அது பேப்பரில் எழுதுகிற வகை. மணி மாதிரி ஒரு வளைகோடு வரையச் சொல்வார்கள். நடுவில் மேடு, அங்கேதான் உலகம் முழுக்க நிற்கும். வலது ஓரம் மேதைகள். இடது ஓரம் சரிந்து சரிந்து தரையைத் தொடும் இடத்தில் பென்சிலால் சாய்கோடு போட்டு அடைத்து, கீழே பெயர் எழுத வேண்டும். அப்போதெல்லாம் புத்தகத்தில் என்னென்ன பெயர்கள் போட்டிருந்தார்கள், மந்தம், மூடம், இன்னும் என்னவோ. ஸ்கேல் வைத்து நிறுத்தி நிதானமாக அடைத்தேன், கோடு ஒன்றுகூட வெளியே போகவில்லை, மிக அழகு என்று லெக்சரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அந்த இடது மூலையில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும், அதற்குத் தலை வாரிப் பின்னிவிட ஒருத்தி இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றும்? எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறந்ததும் அவள் அழவில்லை. அதைத்தான் எங்கே போனாலும் முதலில் கேட்கிறார்கள், பிள்ளை பிறந்ததும் அழுததா. நர்ஸ் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள், நான் கிடந்த இடத்திலிருந்து பார்த்தால் நீலமாக ஒரு சின்னக் கால் மட்டும் தெரிந்தது. அந்த நேரம் முழுக்க நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், சத்தம் மட்டும் வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம். சத்தம் வந்தது. அப்புறம் நான் வேறு வேறு கேட்க ஆரம்பித்துவிட்டேன், மனுஷ புத்தி. பேச்சு வரவில்லை என்று நாக்கில் வசம்பு தடவினோம், சமயபுரத்துக்கு முடி நேர்ந்தோம், பெண் பிள்ளைகள் கொஞ்சம் மெதுவாகத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், மெதுவாக என்றால் வந்து சேர்ந்துவிடும் என்றுதானே அர்த்தம்? நான் காத்திருந்தேன். பக்கத்தில் யாரோ தொண்டையைக் கனைக்கிறார்கள். சலவைச் சட்டை போட்ட ஒரு அண்ணாச்சி, ஸ்ரீவைகுண்டமாம், கூட்டுறவு பேங்கில் வேலையாம், பேர் வைகுண்டராமன். அவருடைய பெண் அந்தப் பக்கம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நிற்கிறது, கோமுவைவிட ஒரு வயது கூட இருக்கும். உங்க பிள்ளை உள்ள இருக்காம்மா என்று கேட்டார். ஆமாம் அண்ணாச்சி, நல்லா தயார் பண்ணிக் கூட்டி வந்திருக்கேன், கவலையில்லை என்று சொல்லிவிட்டேன், பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தயார் பண்ணீங்களா என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எல்லாரும் மார்க் கூட வரணும்னு சாமி கும்பிடுவாக. நாங்க குறைய வரணும்னு கும்பிட்டுட்டு வந்திருக்கோம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பொறுமையாக, பேங்கில் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குச் சொல்கிற பக்குவத்தில் சொன்னார். ஒரு கோடு இருக்கிறதாம். அதற்குக் கீழே வந்தால் இந்த ரிப்போர்ட்டை வைத்து பெரிய ஆஸ்பத்திரியில் சான்றிதழ் தருவார்களாம். அதைக் காட்டினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், ஒரு பாடம் விலக்குகூடக் கிடைக்கும். பள்ளிக்கூடமும் வெளியே அனுப்பாதாம். கோட்டுக்கு மேலே போய்விட்டால் ஒன்றும் கிடையாது, பிள்ளைக்குக் குறையில்லை, சோம்பேறித்தனம் என்று எழுதிவிடுவார்கள், அதை வைத்துக்கொண்டு ஒரு தயவும் கேட்க முடியாது. அவருடைய மூத்த பெண்ணுக்கு அப்படித்தான் ஆனதாம், ஒரு நூலிழையில் மேலே போய்விட்டாளாம், பத்தாம் வகுப்பு இரண்டு தரம் எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறாளாம். யாரிடமும் பேசுவதில்லையாம். நான் பெஞ்சின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். சலுகை. ஹெச்.எம். அம்மா சொல்ல வந்தது இதைத்தான். நான்தான் எழுந்து வந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், அதுவும் எப்பேர்ப்பட்ட குரங்கு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நானே வழித்து வழித்துப் பிடித்தது. உள்ளே அவள் இப்போது பழம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மெட்டோடு எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு சரியான விடைக்கும் அவளுக்கு எதிராக ஒரு மார்க். எழுந்து போய்க் கதவைத் தட்டு. தட்டி, மேடம், நிறுத்துங்க, இது அவளுடைய விடை இல்லை, என்னுடையது என்று சொல். என்னைச் சோதிக்கிறீர்கள், நான் பாஸ், என்னை விட்டுவிட்டு அவளைப் பாருங்கள் என்று சொல்.

எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். கையைத் தூக்கிவிட்டேன், அந்த யானையின் நெற்றிக்கு நேராக. உள்ளே கோமு சிரிக்கிறாள். கோமுவின் சிரிப்பு எனக்குத் தெரியும், டி.வி. பார்த்துச் சிரிப்பது, பயத்தில் சிரிப்பது, மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரிப்பது. இது எதுவும் இல்லை, இது வேறே. சரியாகச் சொன்ன பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. என் டியூஷனில் மற்ற பிள்ளைகளிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறேன், இவளிடம் இதுவரை கேட்டதில்லை. கை தானாக இறங்கிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன், அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், நல்ல மனிதர். இன்னும் ஒரு கேள்விக்குச் சிரிக்கட்டும், அப்புறம் தட்டுகிறேன் என்று நினைத்தேன். பொய். உண்மை என்னவென்றால் எனக்கும் அந்த எண் வேண்டும். ஒரு காகிதத்தில், முத்திரை குத்தி, என் பிள்ளை நடுமேட்டில் எல்லாரோடும் நிற்கிறாள் என்று ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நான் நாத்தனாரிடம் காட்ட வேண்டும், இவருக்கு அனுப்ப வேண்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அந்தக் காக்கையிடம் போய், உன் குஞ்சு பொன் இல்லை என்று நீயே எழுதிக் கொடு, அப்போதுதான் சோறு என்றால் அது என்ன செய்யும்? கீழே வந்தால் நாளைக்கு எவன் கட்டுவான். மேலே போனால் நாளைக்கு அவள் எங்கே போவாள், டி.சி.யைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சியின் மூத்த பெண் மாதிரி சுவரைப் பார்த்து உட்காருவாளா? நான் இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்வேன். நான் இல்லாத ஒரு நாள் வரும். அந்த நாள் நினைவுக்கு வரும்போதெல்லாம் உடனே வேறு எதையாவது நினைப்பேன், துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது, மோட்டார் போட வேண்டும் என்று. இன்றைக்கு ஒன்றும் ஓட மாட்டேன் என்கிறது. வாய்விட்டு அழ வேண்டும் போல் இருக்கிறது. தட்டு, செண்பகம். தட்டினால் சிரிப்பு நின்றுவிடும். தட்டு.

கதவு திறக்கிறது. டெஸ்ட் எடுக்கிற ஜெசிந்தா மேடம் சின்னப் பெண்தான், என் டியூஷனில் படித்துப் போன பிள்ளைகள் வயது இருக்கும். கோமு அவள் பின்னாலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் வேர்வை, முகத்தில் ஒரு வெளிச்சம், இந்த வெளிச்சத்தைப் பெற்றவள் நான்தானா என்று இருக்கிறது. எல்லாம் சரியாச் சொன்னேன்மா, ஒண்ணும் விடல என்று என் காதில் சொன்னாள், மூச்சுக் காற்று சூடாக இருந்தது. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, அங்கேயே நின்று மெதுவாகத்தான் கேட்டாள். சில கேள்விக்கு விடை ரொம்பச் சட்டென்று வருகிறது, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வருகிறது, அதைவிட லேசான சிலது வரவே இல்லை, மணி பார்க்கத் தெரியவில்லை என்றாள். "வீட்ல ஏதும் பழக்கிக் கூட்டிட்டு வந்தீங்களாம்மா? அப்படீன்னா சொல்லிருங்க, இதை விட்டுட்டு வேற செட் வச்சுப் பாக்கேன். இல்லைன்னா இதைத்தான் எழுதணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் கோமு சொல்லிவிட்டாள். "யாரும் சொல்லித் தரல மேடம். எனக்கே தெரியும்." என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இந்த விடையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றுகூடச் சொல்லி வைக்கத் தோன்றவில்லை எனக்கு. மேடத்தின் குரலைக் கேட்டு, என் முகத்தைப் பார்த்து, அம்மாவை யாரோ பிடிக்கப் போகிறார்கள் என்று அவளாகத் தெரிந்துகொண்டு, அவளாக ஒரு பொய்யைச் செய்து என் முன்னால் வைத்து மறைத்திருக்கிறாள். பேசாமல் இருந்துவிடலாம். தலையை ஆட்டினால் போதும். கீழே போய் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, பஸ் ஏறி, கயத்தாறு தாண்டித் தோளில் தூங்க விட்டு, சாயங்காலம் வரைக்குமாவது அவள் ஜெயித்த பிள்ளையாக இருப்பாள். அதற்குப் பிறகு? ஜூன் மாதம் வரும், டி.சி. வரும், நான் இல்லாத அந்த நாளும் வரும். அண்ணாச்சி என்னைத்தான் பார்க்கிறார் என்று திரும்பாமலே தெரிகிறது. "இல்லை மேடம்," என்கிறேன். "நான்தான் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாத்தையும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

கோமுவின் கை என் கையிலிருந்து நழுவுகிறது. அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மேடத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், நாங்கள் இருவரும் சேர்ந்து எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். அப்ப நான் சொன்னது தப்பாம்மா என்று கேட்கிறாள். தப்பில்லட்டி, எல்லாம் சரிதான், ஆனா இந்தப் பரீட்சையில சரியாச் சொன்னா என்று ஆரம்பிக்கிறேன், எப்பேர்ப்பட்ட மக்குப் பிள்ளைக்கும் பின்னத்தை விளங்க வைக்கிறவள், இதை விளங்க வைக்கத் தெரியாமல் அவள் சடையை முன்னால் எடுத்துப் போடுகிறேன். பரவாயில்லம்மா, இன்னைக்கே வேற செட் வைக்கேன் என்று மேடம் அவள் தோளைத் தொட்டு உள்ளே திருப்புகிறாள். கோமு போகிறாள், சொன்னதைச் செய்கிற பிள்ளை. நிலைப்படியில் நின்று, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, நான் சந்தோஷப்படுகிற மாதிரி எதையாவது செய்துவிட வேண்டும் என்கிற அந்தத் தவிப்போடு கேட்கிறாள்.

"இந்தத் தடவை தப்பாச் சொல்லணுமாம்மா?"